தனியாக எடுத்து வைத்த ஏரோட்டர்

பல் டாக்டரிடம் போகப் பயப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஊசிக்குப் பயம், ரத்தத்துக்குப் பயம். எதற்குப் பயப்பட வேண்டும் என்றே அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வரை உள்ள பல் ஆஸ்பத்திரிகளில் ஏரோட்டரைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு.

ஏரோட்டர் என்பது பல்லைக் குடைகிற கருவி. பேனா அளவுதான் இருக்கும். அதன் தலைக்குள் கடுகைவிடச் சின்னக் குண்டுகள் கொண்ட பேரிங் ஒன்று கண்மண் தெரியாமல் சுற்றும். அது காய்ந்து போனால் தலை சுடும். சாதாரணச் சூடில்லை, தோசைக்கல் சூடு. டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு கருவியின் கழுத்தைத்தான் பிடித்திருப்பார், அவருக்குத் தெரியாது. நோயாளிக்கு வாய் மரத்திருக்கும், அவருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போய் மரமரப்பு விட்ட பிறகுதான் கன்னம் உள்ளே வெந்து போயிருப்பது தெரியவரும். அப்படி வெந்த கன்னம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் என் கடைவாய்ச் சொத்தையை ஒரு வருடமாகக் கிராம்பை வைத்தே ஓட்டினேன். வலி காது வரைக்கும் ஏறியபோது என் மனைவி சுடர்விழி பொறுமை இழந்தாள்.

"இந்தப் பக்கத்து மெஷினையெல்லாம் ரிப்பேர் பண்றது நீங்கதானே? உங்க வேலை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

விஷயம் மானப் பிரச்சினையாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை நன்னிலம் டாக்டர் ஸ்ரீரஞ்சனியிடம் வருவதாகச் சொல்லிவிட்டேன்.

அதற்கு முந்தின வாரம்தான் இரண்டு ஏரோட்டர்களுக்குப் புது பேரிங் போட்டுக் கொடுத்திருந்தேன். ஒன்று ஸ்ரீரஞ்சனிக்கு. இன்னொன்று திருவாரூர் டாக்டர் கல்யாணத்துக்கு. கல்யாணம் அதை ஓடவிட்டுக் கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"பிரமாதம் சேரன். இதை வேற யாருக்கும் எடுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை அம்மாவுக்குப் பல் பாக்கணும், அதுக்குன்னு தனியா வெச்சிடறேன். எங்கம்மா ஒரு மாதிரி. வலிச்சா கையைத் தூக்கும்மான்னு சொன்னாலும் தூக்க மாட்டா. பல்லைக் கடிச்சிண்டு இருந்துடுவா."

அந்தப் பர்வதம் அம்மாளுக்கு எண்பது வயது. என் வேலைக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் பாதி ரோட்டை நெல் காயப் போட்டு அடைத்திருந்தார்கள். லேட்டாகட்டும் என்று மெதுவாகவே ஓட்டினேன். அப்படியும் நன்னிலம் வந்துவிட்டது.

நாற்காலியில் சாய்ந்ததும் உள்ளங்கை வேர்த்தது. ஸ்ரீரஞ்சனி ஊசி போட்டார். கன்னமும் உதடும் மரத்தன. உதவிக்கு இருக்கும் செவ்வந்தி தட்டில் ஒரு ஏரோட்டரைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"நீங்க புது பேரிங் போட்டுக் குடுத்தீங்கள்ல அண்ணே, அதேதான். ஒருத்தருக்கும் எடுக்கலை. உங்களுக்குன்னே வெச்சிருந்தேன்."

அந்தப் பெண்ணின் மனசு தங்கம். என் பயம் பாதி குறைந்தது.

"வலிச்சா இடது கையைத் தூக்குங்க சேரன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் பெடலை அழுத்தினார்.

முதல் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. நல்ல பேரிங்கின் சத்தம் ஒரே சீராக இருக்கும். இதில் அடியில் ஒரு கரகரப்பு இருந்தது. நான் கொடுத்தபோது அது இல்லை. சத்தியமாக இல்லை. இது காய்ந்த பேரிங்.

கையைத் தூக்கினேன். டாக்டர் உடனே நிறுத்தினார்.

"வலிக்குதா?"

இல்லை, பேரிங் என்று சொல்லப் பார்த்தேன். வாயில் பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய், அசையாத உதடு. "ஏ... ஏங்..." என்று மட்டும் வந்தது.

"புரியுது, புரியுது. பயப்படாதீங்க" என்று இன்னொரு ஊசி போட்டார். இப்போது நாக்கும் போய்விட்டது.

மறுபடி சத்தம். கருவியின் தலை கன்னத்தின் உள்பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் பயமே. தீய்ந்த வாடை வந்தது. பல்லைக் குடையும்போது அப்படித்தான் வாடை வரும். ஆனால் இது பல்லின் வாடையா, என் சதையின் வாடையா? மறுபடி கையைத் தூக்கினேன். செவ்வந்தி அதைப் பிடித்து மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ரெண்டே நிமிஷம் அண்ணே. சின்னப் புள்ள மாதிரி பண்றீங்களே."

வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியைத் துடைக்க டாக்டர் ஏரோட்டரை வெளியே எடுத்த நொடியில் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அவர் திகைத்துப் பார்க்க, ஏரோட்டரின் தலையை என் முழங்கையில் வைத்தேன். சுரீரென்றது. அலறி எழுந்து உட்கார்ந்தேன். ஸ்ரீரஞ்சனி கையுறையைக் கழற்றித் தலையைத் தொட்டுப் பார்த்தார். விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

கண்ணாடியைக் கொடுத்தார்கள். கன்னத்தின் உள்ளே பட்டாணி அளவுக்கு வெள்ளையாக வெந்திருந்தது. விரலால் தொட்டேன். ஒன்றுமே தெரியவில்லை.

"தெனமும் மத்ததோட சேத்து இதையும் ஆட்டோகிளேவ்ல வெச்சு எடுத்தேனே அண்ணே" என்றாள் செவ்வந்தி. அழுதுவிடுவாள் போலிருந்தது. "உங்களுக்குப் போடறது சுத்தமா இருக்கணும்னுதான்."

ஆட்டோகிளேவ் என்றால் நீராவியில் கிருமி கொல்லும் பெட்டி. "எண்ணெய்?" என்று கேட்டேன். "எம்மே" என்று வந்தது. எண்ணெய்ப் புட்டியைக் காட்டிக் கேட்டேன்.

"யூஸ் பண்ணவே இல்லையே அண்ணே. யூஸ் பண்ணதும் எண்ணெய் விடணும்னுதானே நீங்க சொல்லிக் குடுத்தீங்க."

அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். பயன்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும், நீராவிக்குள் போகும் ஒவ்வொரு தடவையும் அதற்கு முன் எண்ணெய் விட வேண்டும். ஒரு வாரம் எண்ணெய் இல்லாமல் நீராவியில் வெந்தால் எந்த பேரிங்தான் தாங்கும்? சும்மா இருக்கிற கருவியைத் தினமும் நீராவியில் வைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போகிற இடமெல்லாம் இதே பாடத்தைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

திருவாரூரிலும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. போனை எடுத்துக் கல்யாணத்துக்கு அடித்தேன்.

"ஆக்கர்... ஏஓக்கர்..."

"என்ன சேரன், வாய்ல வெத்தலையா?" என்று சிரித்தார் கல்யாணம். "அம்மாவை உக்கார வெச்சாச்சு. ஊசியும் போட்டாச்சு. அப்புறம் பேசறேன்."

வேண்டாம் என்று கத்தினேன். "ஏணா... ஏணா..." என்றுதான் வந்தது.

பேசி முடித்தும் போனை அணைக்காமல் வைத்துவிட்டார் போல. அந்தப் பக்கம் சத்தம் கிளம்பியது. அடியில் அதே கரகரப்பு. பிறகு இணைப்பு அறுந்தது.

பக்கத்தில் நின்று அதைக் கேட்ட ஸ்ரீரஞ்சனி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி மறுபடி அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. "அவர் ஆஸ்பத்திரி நம்பருக்கு அடி செவ்வந்தி" என்றார். அதிலும் மணி போனது. யாரும் எடுக்கவில்லை.

நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது இன்னும் மரத்துத்தான் இருந்தது. எனக்குக் கையையாவது தூக்கத் தெரிந்தது. பர்வதம் அம்மாள் தூக்க மாட்டார்.