எங்கள் வீட்டுப் பச்சை

எங்கள் தெருவில் முந்நூறு வருஷத்து வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு துறைமுகத்தைப் பார்த்து நிற்கின்றன. எல்லாம் ஒரே உயரம், ஒரே மாதிரி மரப் பால்கனி. அதனால் கப்பலுக்குப் போகிறவர்கள் உள்ள வீடு ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு நிறம் வைத்திருக்கும். கப்பல் தளத்தில் நின்று பார்க்கிறவனுக்குத் தன் வீடு எது என்று தெரிய வேண்டுமே! எங்களுடையது பச்சை. கண்ணைக் குத்தும் பச்சை.

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிறோம் என்று வந்த அதிகாரி, சுவரைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "ஆதியில எல்லாமே வெள்ளைதாம்மா" என்றார்.

"அந்த ஆதியில என் தம்பி கப்பல்ல இருந்தானா சார்?" என்று கேட்டேன். மனுஷன் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு நகர்ந்தார். போன வாரம் தெரு முழுக்க வெள்ளை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தம்பியைப் பார்த்து ஆறு வருஷமாகிறது. அவன் வேலை பார்க்கும் சரக்குக் கப்பல் எங்கள் துறைமுகத்துக்குள் நுழையாது, அவ்வளவு பெரிசு. வெளியே கடந்து மட்டும் போகும். போன மாதம் எங்கிருந்தோ பேசியபோது, இன்றைய தேதியைச் சொல்லி, "பச்சையைப் பாத்துக்கிட்டே போவேன், பால்கனியில நில்லுக்கா" என்றான். அதற்குப்பின் நடுக்கடல். வெள்ளை அடித்த சேதியைச் சொல்ல வழியில்லை. இன்று விடிந்ததிலிருந்து நிற்கிறேன். அவன் என்னை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், வேறெதுவும் வேண்டாம்.

கப்பல் வந்தது. தளத்தில் பொட்டுப் பொட்டாக ஆட்கள். அதில் எது என் தம்பி? கரைப்பக்கம் வந்ததும் சிக்னல் கிடைத்திருக்கும்; போன் அடித்தது.

"அக்கா! என்னக்கா இது, தெருவே வெள்ளையா கிடக்கு? நம்ம வீட்டைக் காணோம்!"

"இங்கதாண்டா இருக்கேன்! கையை ஆட்டுறேன் பாரு!"

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அவன் கத்தினான்: "பாத்துட்டேன்! சிவப்புத் துணியை ஆட்டுற, நீதானே?"

என் கையில் துணியே இல்லை. எட்டிப் பார்த்தேன். மூன்று வீடு தள்ளி, தையல்கார அண்ணி ஒரு சிவப்புப் போர்வையை உதறிக்கொண்டிருந்தார்.

இல்லடா என்று நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவன் முந்திக்கொண்டான். "அப்படியே இருக்கேக்கா. கொஞ்சங்கூட மாறல."

முகம் தெரிகிற தூரமா அது, பாவிப் பயலே!

"நான்தாண்டா," என்றேன். "நல்லாப் பாத்துக்கோ."

அண்ணி உதறுவதை நிறுத்திவிட்டுப் போர்வையை மடிக்கப் போனார். நான் போனைப் பொத்திக்கொண்டு, பால்கனிக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினேன்.

"அண்ணி, உதறுங்க! உங்க கால்ல விழறேன், கப்பல் போற வரைக்கும் உதறுங்க!"