தட்டிவிட்டு நிற்கும் நேரம்

எங்கள் கம்பெனிக்கு ஏழு ஊர்களில் ஏழு விடுதிகள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருபது மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்று. குதிரை வண்டிக் காலத்துச் சத்திரத்தை இடிக்காமல் வெள்ளையடித்து விடுதியாக்கியது ஒன்று. மற்ற ஐந்தும் இந்த இரண்டுக்கும் நடுவில். எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்: ஓர் அறையைச் சுத்தம் செய்ய இருபத்தைந்து நிமிடம். அறை கூட்டுகிறவர்களின் பின்னால் கடிகாரத்தோடு நின்று அதை அளப்பதுதான், எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கிய நான் பார்க்கிற உத்தியோகம்.

கடைசியாகச் சத்திரத்துக்குப் போனேன். அங்கே இருபத்தாறு வருடமாக அறை கூட்டுகிறவள் என் அம்மா. சேரும்போது, நெருங்கிய உறவினர் யாராவது இங்கே வேலை செய்கிறார்களா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தேன். தெரிந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். பொய்தான். வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு என்று அவர்களும் பொய் சொல்லித்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

மற்ற அறைகளை அம்மா பத்தொன்பது நிமிடத்தில் முடித்தாள். பதினொன்றாம் எண் அறைக்கு மட்டும் போன மாதம் முழுக்க நாற்பது ஆகியிருந்தது. இன்றும் இருபத்தைந்தைத் தாண்டினால் அவள் வேலை போய்விடும். அவள் இடத்துக்கு ஒப்பந்த ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

காலை பத்து மணி. வராந்தா முழுக்க வெயில். அம்மா கதவை மூன்று முறை தட்டினாள். வாளியை ஓரமாக வைத்தாள். கைகட்டி நின்றாள்.

"உள்ள யாரும்மா இருக்கா? நாலு வருஷமா இந்த ரூமை யாருக்கும் குடுக்கலன்னு கம்ப்யூட்டர்ல இருக்கு."

"கம்ப்யூட்டர் வந்து தட்டிப் பாத்துச்சா?"

"நேரம் ஓடுதும்மா."

"ஓடட்டும். உள்ள நாற்காலி நகர்ற சத்தம் கேக்கும். அப்புறம் போலாம்."

"கேக்கலன்னா?"

"இன்னைக்கு வேணாம்னு அர்த்தம். அவங்களுக்கும் ஒரு நாள் ஒரு பொழுது இருக்கும்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆள் இருக்கிற கதவுகள் முன்னால் நின்று நின்று, ஆள் இல்லாத கதவுக்கும் கைகட்டப் பழகிவிட்டாள். இந்த நிற்பு எங்கள் வீட்டில் இவளோடு முடியவேண்டும் என்றுதான் நான் படித்தேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் அவள் இடுப்பிலிருந்த சாவியைப் பிடுங்கித் திறந்தேன்.

"ஏண்டி," என்றாள்.

இறுக்கி விரித்த படுக்கை, ஒரு நாற்காலி, சாத்திய ஜன்னல். "பாத்தியா? ஒரு ஈ காக்கா இல்ல," என்று சொல்லி, வேண்டுமென்றே படுக்கையில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுந்தால் மெத்தை எப்படி உயருமோ, அப்படி என் இடப்பக்கம் மெல்ல உயர்ந்தது. அங்கே கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. உடை மாற்றும்போது யாராவது நுழைந்துவிட்டால் நாம் போடுவோமே, அந்த அவசரம் அதில் இருந்தது.

அம்மா வாசல்படியைத் தாண்டவில்லை. அங்கிருந்தே, "மன்னிச்சுக்குங்க. புதுசா சேர்ந்த பொண்ணு. தெரியாம வந்துடுச்சு," என்றாள், குளியலறையைப் பார்த்து.

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சாவியை அம்மா கையில் கொடுத்தேன்.

"யாரும்மா அது?"

"நான் விசாரிச்சதில்ல."

"பயமா இல்லையா உனக்கு?"

"குடிச்சுட்டு கதவைத் திறக்குறவனுங்க ரூமெல்லாம் கூட்டியிருக்கேன். இவங்க என்னை ஒரு சொல்லு சொன்னதில்ல."

விருந்தினர் உள்ளே இருந்தால் காத்திருந்த நேரம் கணக்கில் வராது. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. ஆனால் விருந்தினரே கையெழுத்துப் போடவேண்டும். இல்லாவிட்டால் அம்மாவுக்கு இன்றே கடைசி நாள். அவளிடம் சொன்னேன்.

"அப்ப கேட்டு வாங்கு. இந்தத் தடவையாவது தட்டிட்டு கேளு."

தட்டினேன். படிவத்தையும் பேனாவையும் கதவிடுக்கில் தள்ளினேன். கைகட்டக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் நின்றேன். கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு நாற்காலி நகர்ந்தது. யாரோ நிறுத்தி நிறுத்தி எழுதும் சத்தம்.

தாள் வெளியே வந்தது. பேனா வரவில்லை.

கையெழுத்து இருந்தது, மை காயாமல். அதற்கு மேலே, குறைகள் என்ற இடத்தில், சாய்ந்த எழுத்தில் இரண்டு வரி: 'தாயிடம் குறை ஒன்றும் இல்லை. மகள் தட்டாமல் நுழைந்தாள்.'

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "என்ன எழுதியிருக்காங்க? வேலை நிலைக்குமா?"

"உனக்கு நிலைக்கும்."

வாளியை எடுத்தாள். "நான் போறேன். நீ இங்கயே நில்லு. உன்னைக் கூப்பிடல," என்று உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

தாளைப் படம் எடுத்தேன். ஆபீசுக்கு அனுப்பினால் அம்மா பிழைப்பாள், 'மகள்' என்ற அந்த ஒரு சொல்லால் நான் போவேன். கிழித்துப் போட்டால் நான் பிழைப்பேன். விரலைப் பொத்தான் மேல் வைத்தபடி நின்றேன்.

"படிச்ச பொண்ணுங்க. கோவம் கொஞ்சம் ஜாஸ்தி," என்று உள்ளே அம்மா சொல்வது கேட்டது.

இரண்டு பேர் சிரித்தார்கள்.

அனுப்பிவிட்டேன்.