பாலாம்பாளைப் பற்றி அவள் மருமகள் பேசியது

பாலாம்பாள் போய்ச் சேர்ந்து ஏழு மாசம் கழித்து, தமிழ்ச் சங்கத்திலிருந்து அவள் பிள்ளை முகுந்துக்கு போன் வந்தது. பேசியவன் செயலாளர் ஸ்ரீவத்சன். கோயம்புத்தூர்க்காரன், கராடியில் சாஃப்ட்வேர் வேலை. புனேவுக்கு வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் சங்கத்தையே தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு அலைகிறவன்.

"சார், போன வருஷம் நம்ம மெம்பர்ஸ்ல மூணு பேர் தவறிட்டாங்க. அவங்களை நினைச்சு ஒரு கூட்டம் வைக்கிறோமுங்க. வீட்டுக்கு ஒருத்தர் ரெண்டு நிமிஷம் பேசணும். ஒரே கண்டிஷன், தமிழ்ல பேசணும்."

முகுந்த் புனேயில் பிறந்து வளர்ந்தவன். அவன் தமிழ் வீட்டுக்குள் நடமாடுகிற தமிழ், அதிலும் பாதி ஹிந்தி. மேடையில் நின்று பேசுவதென்றால் எழுதிவைத்துத்தான் படிக்கவேண்டும், தமிழ் எழுத்தோ தெரியாது. அதற்கும் ஸ்ரீவத்சன் வழி வைத்திருந்தான். பேச்சை இங்கிலீஷ் எழுத்தில் தானே எழுதி ஈமெயிலில் அனுப்பிவைத்தான்.

அதை அச்செடுத்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் சமையலறை வாசலில் நின்று முகுந்த் ஒத்திகை பார்த்தான். உள்ளே அவன் மனைவி சுஷ்மா சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்பே உருவானவர். பொறுமையின் சிகரம். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர்."

சுஷ்மாவின் கை நின்றது. "யார் இது?" என்று மராத்தியில் கேட்டாள்.

"அம்மா."

"எந்த அம்மா?"

முகுந்த் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுபோய், காகிதத்தை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "எழுதிக் குடுத்ததைப் படிச்சுட்டு வந்துடறேன். ரெண்டு நிமிஷம்தானே" என்றான்.

சுஷ்மா சாத்தாராப் பக்கத்துப் பெண். சிஞ்ச்வடில் ஒரு மராத்திப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தொண்ணூற்றைந்தில் முகுந்தும் அவளும் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஆகுர்டி ஃப்ளாட்டின் வாசலில் வந்து நின்றபோது, பாலாம்பாள் கதவைத் திறந்து மருமகளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். "செருப்பை அந்த ஓரத்துல கழட்டச் சொல்லு" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆரத்தி கிடையாது, ஒன்றும் கிடையாது.

அம்மாவுக்கு மராத்தி சரியாக வராது, அதனால்தான் உன்னிடம் பேசத் தயங்குகிறாள் என்று முகுந்த் சமாதானம் சொன்னான். சுஷ்மாவும் நம்பினாள். நாலாம் நாள் காலையில் பால்கனியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஹி பாஜி காலச்சி ஆஹே! மலா ஃபசவ்தேஸ்?" நேற்றைய கீரையைக் கொண்டுவந்து என்னை ஏமாற்றப் பார்க்கிறாயா என்று கீழே நிற்கும் கீரைக்காரியை ஒரு பெண்பிள்ளை சுத்தமான மராத்தியில் உலுக்கிக்கொண்டிருந்தாள். சுஷ்மா எட்டிப் பார்த்தாள். மாமியார்தான்.

அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. கீரைக்காரிக்கு மராத்தி, பால்காரனுக்கு ஹிந்தி, மருமகளுக்கு மட்டும் தமிழ். "என் ஆத்துல என் பாஷைதான்" என்பது பாலாம்பாளின் கட்சி. சுஷ்மாவுக்கும் ரோஷம் உண்டு. என்ன திட்டுகிறாள் என்றாவது தெரிந்துகொள்ளவேண்டாமா? காதில் விழுந்த வார்த்தைகளையெல்லாம் பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் மராத்தி எழுத்தில் குறித்துவைக்க ஆரம்பித்தாள்.

மூன்று மாசம் போனபின் பார்த்தால், அதில் அடிக்கடி வந்த வார்த்தை 'அசமந்தம்'. முகுந்தைக் கேட்டாள். அவன் ஒரு கணம் யோசித்து, "சமர்த்துன்னு அர்த்தம்" என்றான். குடும்பம் நடத்த அவனுக்கு வேறு வழி தெரியவில்லை, பாவம்.

அடுத்த வாரம் பாலாம்பாளின் சிநேகிதி சாவித்ரி மாமி வந்திருந்தாள். புனேயின் கேம்ப் பகுதியில் வீடு. இரண்டு பேரும் முப்பது வருஷப் பழக்கம். புதுப்பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசவேண்டுமே என்று, "இந்த ஆத்துல சௌக்கியமா இருக்கியாம்மா?" என்று கேட்டாள். சுஷ்மா காப்பி டம்ளரை நீட்டி, நிமிர்ந்து நின்று, சிரித்த முகமாய்ச் சொன்னாள்: "நான் ரொம்ப அசமந்தம்!"

சாவித்ரி மாமி வாயைத் திறந்தவள் மூடவில்லை. பாலாம்பாள்தான் முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கண்ணில் நீர் கொட்டி, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "யாருடி சொன்னா உனக்கு, இது நல்ல வார்த்தைன்னு?" என்று கேட்டாள். வந்து நாலு மாசத்தில் அவளை நேராகப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அதுதான். அன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த முகுந்துக்கு இரண்டு பாஷையிலும் கிடைத்தது.

அதற்குப் பிறகும் சண்டை இல்லாமல் போய்விடவில்லை. பதினோரு வருஷமும் இருந்தது. ஆனால் இரண்டு கட்சியும் ஒரே பாஷையில் போட்டுக்கொண்ட சண்டை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கேம்ப்பில் ஒரு பள்ளிக்கூட ஹாலில். அறுபது பேர் வந்திருந்தார்கள். மேடையில் மூன்று படங்கள், மூன்றுக்கும் ஒரே மாதிரி மாலை. ராணுவக் கணக்கு இலாகாவில் இருந்து ஓய்வுபெற்ற மகாதேவன், பாலாம்பாள், ஆகுர்டியில் ஸ்கூட்டர் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த கந்தசாமி. கந்தசாமியின் மனைவி அமலா முன் வரிசை ஓரத்தில் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தனக்கு மேடையேறிப் பேச வராது என்று அவள் சொல்லிவிட்டதால், கந்தசாமியைப் பற்றி ஸ்ரீவத்சனே நாலு வரி படிப்பதாக ஏற்பாடு.

மகாதேவனைப் பற்றி அவர் மாப்பிள்ளை பேசினார். அன்பே உருவானவர், பொறுமையின் சிகரம் என்று ஆரம்பித்தார். சுஷ்மா திரும்பி முகுந்தைப் பார்த்தாள். அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அவன் முறை வந்தது. மைக்குக்கு முன்னால் நின்று காகிதத்தைப் பிரித்தான். "என் அம்மா" என்றான். இன்னொரு தடவை "என் அம்மா" என்றான். பக்கத்தில் மாலைக்குள்ளிருந்து பாலாம்பாள் அவனை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரேஷன் கார்டுக்கு எடுத்த படம் அது. முகுந்தின் தோள் குலுங்கியது. காரியங்கள் நடந்த பதின்மூன்று நாளும் அழாதவன், அறுபது பேருக்கு முன்னால் சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

சுஷ்மா எழுந்து போனாள். அவனைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவருவதுதான் எண்ணம். ஆனால் அவன் காகிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தானே இறங்கிப் போய்விட்டான். மேடையில் அவள் ஒருத்தி நின்றாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். மராத்தியில் இரண்டு வார்த்தை சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். வந்தது தமிழ்.

"நமஸ்காரம். எனக்குத் தமிழ்ல நல்ல வார்த்தை எல்லாம் தெரியாது. அம்மா எனக்குப் பாடமா ஒண்ணும் சொல்லிக் குடுக்கலை. திட்டுவா. நான் திட்டு வாங்கியே கத்துண்டேன்."

ஹாலில் லேசாகச் சிரிப்பு எழுந்தது.

"இதுல 'அதிர்ந்து பேசாதவர்'னு எழுதியிருக்கு. எங்காம் மூணாவது மாடி. அம்மா பேசினா கீழே வாட்ச்மேன் எழுந்து நிப்பான்."

இப்போது சிரிப்பு பலமாகவே வந்தது. சுஷ்மாவுக்குப் பயம் விட்டுப்போயிற்று.

"நான் பாலை அடுப்புல வெச்சுட்டு நோட்டுத் திருத்திண்டு இருப்பேன். உள்ளேருந்து வருவா. 'ஏண்டி, பாலை வெச்சுட்டு அங்க என்னத்தைப் பராக்குப் பார்த்துண்டு உக்காந்திருக்கே? நான் பொங்கப்போறேன், எழுந்து வாடிம்மான்னு பால் உன்னைக் கூப்பிடுமா?'"

யாரும் சிரிக்கவில்லை. ஏன் என்று சுஷ்மாவுக்குப் புரியவில்லை. அவள் நடித்துக் காட்டவில்லை, தனக்குத் தெரிந்த மாதிரி சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் அவளுக்குத் தெரிந்த தமிழ் முழுக்க ஒரே வாயிலிருந்து வந்தது. 'ஏண்டி' என்று ஆரம்பிக்கிற இழுப்பு, நடுவில் மூச்சு வாங்குகிற இடம், கடைசியில் குரலைத் தூக்கி நிறுத்துவது, எல்லாம் அச்சாகப் பாலாம்பாள். முப்பது வருஷமாக அந்தக் குரலைக் கேட்டவர்கள் அந்த ஹாலில் பாதிப் பேர். இரண்டாவது வரிசையில் சாவித்ரி மாமி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காலம்பற ஸ்கூலுக்கு எனக்கு டப்பா கட்டிக் குடுப்பா. 'மத்யானம் இதைச் சாப்டாம திருப்பிக் கொண்டுவந்தியோ, நாளைக்கு உனக்குக் கட்டறவ நானில்லை.' தினம் சொல்லுவா. நான் எத்தனையோ நாள் திருப்பிக் கொண்டுவந்திருக்கேன். மறுநாளும் டப்பா சமையல் மேடைமேல இருக்கும்."

இந்த இடத்தில் அவள் நிறுத்தினாள். அடுத்ததாக ஒன்று தொண்டை வரைக்கும் வந்திருந்தது. தொண்ணூற்றொன்பதில் ஐந்தாம் மாசத்தில் குழந்தை தங்காமல் போய் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சாத்தாராவிலிருந்து அத்தைகள் வந்து கட்டிலைச் சுற்றி நின்று, என்ன சாப்பிட்டாள், எங்கே தூக்கினாள், அடுத்த தடவை ஜாக்கிரதை என்று ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கால்மாட்டில் உட்கார்ந்திருந்த பாலாம்பாள் எழுந்தாள். "புரே ஆதா. திலா ஜோப்பு த்யா" என்றாள். போதும், அவளைத் தூங்கவிடுங்கள். சுஷ்மாவுக்காக அவள் பேசிய முதல் மராத்தி அது. எல்லோரும் போனபின் கதவைச் சாத்திவிட்டு வந்து, முகுந்த் பிறப்பதற்கு முன்னால் தனக்கு இரண்டு போயிற்று என்றும், இரண்டுக்கும் மனசுக்குள் பெயர் வைத்திருந்ததாகவும், அவன் அப்பாவுக்குக்கூட அது தெரியாது என்றும் தமிழில் சொன்னாள். அந்தப் பெயர்களையும் சொன்னாள்.

அதை சுஷ்மா மைக்கில் சொல்லவில்லை. அது தன்னிடம் சொன்னது.

"அவ்வளவுதான்" என்றாள். "அம்மா ரொம்ப..." என்று ஆரம்பித்து ஒரு வார்த்தையைத் தேடினாள். ஒருத்தரை உயர்த்திச் சொல்லத் தமிழில் என்ன சொல்வார்கள்? அந்த வீட்டில் அவள் காதில் விழுந்ததே இல்லை. "எனக்கு அந்த வார்த்தை தெரியலை" என்று சொல்லிக் கைகூப்பிவிட்டு இறங்கினாள்.

ஸ்ரீவத்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மைக்குக்கு வந்தான். கந்தசாமிக்கான காகிதத்தை அவன் எடுப்பதற்குள் முன் வரிசையில் அமலா எழுந்துவிட்டாள்.

"தம்பி, அதைப் படிக்க வேணாம். நானே சொல்றேன்."

மேடைக்கு ஏறவில்லை. இருந்த இடத்திலேயே திரும்பி, கைப்பையை அணைத்தபடி, கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எங்க வீட்டுக்காரருக்குக் கோவம் வந்தா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிட்டு வெளிய போயிருவாரு. அரை மணி கழிச்சு ஒரு வடாபாவ் பொட்டலத்தோட வருவாரு. எனக்குத்தான். நான் பேசமாட்டேன். அவரும் பேசமாட்டாரு. ரெண்டு பேரும் டிவி பார்த்துக்கிட்டே அதைச் சாப்பிடுவோம். இருபத்தாறு வருசத்துல ஒருநாளும் வாயைத் திறந்து மன்னிச்சுக்கோன்னு சொன்னதில்ல. இப்ப அந்தக் கடைப் பக்கம் போறதில்லைங்க. பஸ்ஸுக்குச் சுத்திக்கிட்டுப் போறேன்."

அதற்குப்பின் கூட்டம் ஸ்ரீவத்சன் பிடியில் இல்லை. மகாதேவனின் மாப்பிள்ளையே மறுபடி எழுந்து, மாமனார் கேரம் ஆட்டத்தில் காயைத் திருடுவார் என்று சொன்னார். ஒரு மணிக்கு முடியவேண்டியது இரண்டரைக்கு முடிந்தது. புளியோதரை ஆறிப்போயிருந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

சாவித்ரி மாமி மட்டும் சாப்பிடாமல் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். போகிறபோது சுஷ்மாவை ஏறிட்டும் பார்க்கவில்லை. தப்பாகப் பேசிவிட்டோமோ என்று சுஷ்மாவுக்கு இரண்டு நாள் அரித்துக்கொண்டே இருந்தது. "அம்மாவே எழுந்து வந்து பேசின மாதிரி இருந்தது. அதுல தப்பென்ன?" என்று முகுந்த் சொல்லியும் அடங்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் போன் அடித்தது.

"சாவித்ரி பேசறேன். என்னடி, போனவளைப் பத்தி அப்படியா நாலு பேருக்கு முன்னாடி பேசறது?"

"தப்புதான் மாமி. மன்னிச்சுக்கோங்கோ. எனக்கு வேற மாதிரி பேசத் தெரியலை."

அந்தப் பக்கம் மாமி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அந்தப் பால் பொங்கறதைச் சொன்னியே..."

"ஆமா மாமி."

"இன்னொரு தரம் சொல்லு."

சுஷ்மா சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். மாமி அழுது முடிக்கிறவரைக்கும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "முட்டி வலின்னு சொல்லுவேளே, தைலம் தேச்சுக்கறேளா?" என்று கேட்டாள்.

"எங்கே, குனிய முடியறதா என்ன."

"குனிய முடியலைன்னா காலைத் தூக்கி ஸ்டூல்ல வெச்சுண்டு தேச்சுக்கறது! முட்டியே எழுந்து வந்து உங்க கையைத் தேடுமா?"

மாமி அழுகையோடு சிரித்தாள். சுஷ்மா ஞாயிற்றுக்கிழமை வந்து தானே தேய்த்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, எந்த பஸ்ஸில் வரவேண்டும், எந்த ஸ்டாப்பில் இறங்கவேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.