ஹோனேயை அழைத்துப்போக வந்தவர்கள்

கிர்ஸ்டி சவப்பெட்டியின் மேல் குனிந்து அப்பாவின் டையை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கறுப்பு உடையில், நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி இனத்தைச் சேர்ந்த ஒரு வயதான அம்மாள் இறங்கினாள். காலணியைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்து, இறந்தவரின் நெற்றியில் தன் நெற்றியை வைத்தாள். நெடுநேரம் தலையை எடுக்கவில்லை.

"நான் மெரெபெகா. இவன் அக்கா. டிமூகாலேர்ந்து வர்றோம். பேப்பர்ல இவனோட பழைய பேரையும் போட்டிருந்தியே."

அப்பாவின் பழைய பெயர் ஹோனே. கைக்குழந்தையாக இருந்த அவரை அரசாங்கம் எடுத்து ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு வளர்க்கக் கொடுத்தது. அவர் கோலின் ஆனார். கிர்ஸ்டிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"எங்க குலத்து மண்டபத்துல வச்சு, எங்கம்மா பக்கத்துல புதைக்கணும். கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்."

"நாளைக்கு டிமாருல தகனம். சாம்பல மலைமேல தூவணும்னு அப்பாவே சொல்லியிருக்காரு. இத்தன வருஷமா எங்க இருந்தீங்க?"

"தேடிட்டு இருந்தோம். பேர மாத்திட்டா எப்படிம்மா தேடுறது?"

மலைமேலுள்ள வானாய்வகத்தில் அப்பாவோடு வேலை பார்த்த ஷிகேரு தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"தம்பி அங்க என்ன பண்ணிட்டிருந்தான்?" என்று மெரெபெகா அவரிடம் கேட்டாள்.

"சூரியன் இல்லாத கிரகங்களத் தேடினோம். எதையும் சுத்தாம, தனியாப் போயிட்டிருக்கும்."

"வெளிச்சம் இல்லாம எப்படித் தெரியும்?"

"அது தெரியாது. தூரத்து நட்சத்திரம் ஒண்ணுக்கு முன்னால கடந்து போச்சுன்னா, அந்த நட்சத்திரம் கொஞ்ச நேரம் பிரகாசமாகும். ஏதோ போகுதுன்னு தெரிஞ்சுக்குவோம். அப்புறம் அதத் திரும்பப் பாக்க முடியாது."

"பிறந்ததுலேர்ந்தே தனியாவா?"

"நெறைய, ஏதோ ஒரு நட்சத்திரத்துகிட்டப் பிறந்ததுதான். பெரிய கிரகம் ஏதாவது கிட்ட வந்து, வெளிய தள்ளி விட்டிருக்கும்."

மெரெபெகா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இதையா உக்காந்து பாத்துட்டிருந்தான்?"

"சந்தோஷமாப் பாப்பாரு. ஒண்ணு மாட்டிச்சுன்னா எல்லாருக்கும் பிஸ்கட் குடுப்பாரு."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டாள்.

"அவர் எங்கப்பா. புதைக்க விடமாட்டேன்," என்றாள் கிர்ஸ்டி. அப்பா இறந்ததிலிருந்து அவள் குரல் உயர்ந்தது இப்போதுதான்.

வேனை ஓட்டிவந்த மெரெபெகாவின் மகன் பீட்டா கதவோரம் நின்றிருந்தான்.

"நல்லா சண்ட போடுங்க. எங்க வழக்கத்துல பொணத்துக்குச் சண்ட போட்டாத்தான் செத்தவருக்கு மரியாதை. யாரும் எனக்குனு கேக்காத பொணம்தான் கேவலம். எங்கம்மா எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க பாருங்க."

"நீ வாய மூடு," என்றாள் மெரெபெகா. கிர்ஸ்டியின் பக்கம் திரும்பினாள். "ஒரே ஒரு ராத்திரி குடு, பொண்ணே. சொந்தக்காரங்க எல்லாம் அவன் முகத்தப் பாக்கட்டும். அப்புறம் உன் மலைக்கே கூட்டிட்டுப் போ. முட்டி விட்டா நானும் ஏறி வரேன்."

கிர்ஸ்டி பாதியில் விட்டிருந்த டையைக் கட்டி முடித்தாள். பிறகு போனை எடுத்து, தகனத்தைத் தள்ளிவைக்கச் சொன்னாள்.

வேனில் பெட்டிக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அத்தையும் உட்கார்ந்தார்கள். வண்டி நகர்ந்ததும் அத்தை மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு தம்பியிடம் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். அம்மாவின் பெயர், அம்மாவின் அம்மா பெயர், அதற்கும் முன்னால் இருந்தவர்கள். ஓரிடத்தில் தடுமாறி, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். அதில் ஒரு பெயரும் கிர்ஸ்டி கேட்டதில்லை.

வேன் வழியிலிருந்த ஃபேர்லி ஊரைத் தாண்டியபோதும் பெயர்கள் முடிந்திருக்கவில்லை.