யாந்தே பின்னிய வலப்பக்கம்

அன்று பொழுது விடியுமுன்பே முடி பின்னும் கடையில் இருந்தவர்கள் இவர்கள். சன்னலோர நாற்காலியில் வெர்லீன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை முடித்து, சீருடையைக்கூட மாற்றாமல் நேரே வந்து உட்கார்ந்தவள். அவள் தலைக்குப் பின்னால் பெந்தா, நின்றபடி. இடதுபக்கச் சுவரையொட்டிக் குட்டை முக்காலியில் செய்னபு, மடியில் சவுரிக் கட்டுகளோடு. கண்ணாடி மேசையில், வெள்ளைத் தெர்மாகோல் தலைகளுக்கு நடுவே, விக் தைத்துக்கொண்டு சொக்னா. கல்லாவுக்குப் பின்னால், மின்கணப்புக்குப் பக்கத்தில், கடைக்காரி மதாம் ரொக்கையா. பின்கட்டுத் திரைக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கும் இடம் வெறுமையாக இருந்தது. அங்கே நின்று பின்னியவள் யாந்தே. அவளை அடக்கம் செய்து மூன்று நாள் ஆகியிருந்தது.

டெட்ராய்ட்டின் பிப்ரவரிக் குளிர் கண்ணாடிக் கதவின் அடியில் நுழைந்து கணுக்காலைக் கடித்தது. கணப்பின் சூடு கல்லாவைத் தாண்டி வரவில்லை. பெந்தா விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டாள். பழைய பின்னலை அவிழ்க்கும் வேலை. வெர்லீனின் சொந்த முடி எதுவரை இருக்கிறது என்று ஒவ்வொரு பின்னலிலும் தடவிப் பார்த்து, அதற்குக் கீழே சவுரியை வெட்ட வேண்டும். அப்புறம் சீப்பின் வாலைக் குத்தி, புரிபுரியாகப் பிரித்துக்கொண்டே உச்சந்தலை வரை ஏற வேண்டும். வேரில் எண்ணெயும் தூசியும் திரண்டு வெள்ளையாக உறைந்திருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் நெற்றியோர முடி வேரோடு வந்துவிடும். நின்று நின்று பெந்தாவின் முழங்கால்கள் வீங்கிப்போயிருந்தன. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் காலையில் விறைத்துக்கொள்ளும், நடுப்பகலில்தான் தளரும்.

இடப்பக்கத்தை அவள் அவிழ்த்து முடித்தாள். அடைபட்டுக் கிடந்த முடி விடுதலையாகி, கரும்பஞ்சாக எழுந்து நின்றது.

மதாம் ரொக்கையா ஊர்ப் பேச்சான வொலோஃபில் ஆரம்பித்தாள். வெர்லீனுக்கு அது புரியாது.

"கேளுங்க மூணு பேரும். தொழிலாளர் ஆபீஸ்லேர்ந்து திங்கக்கிழமை விசாரிக்க ஒரு ஆள் வரானாம். பள்ளிவாசல்ல எந்தப் புண்ணியவதியோ வாய விட்டிருக்கா. வந்து கேட்டா ஒரே பதில்தான். யாந்தே இங்க வேலை செய்யல. என் ஊர்ப் பொண்ணு. தேத்தண்ணி குடிக்க வருவா, போவா. விருந்தாளி."

சொக்னாவின் ஊசி விக்கின் வலையில் ஏறி இறங்கியது.

"வெந்நீர் அவ வீட்ல கொட்டுச்சு. ஆஸ்பத்திரியில அவளே அவ வாயால சொன்னது அதுதான். எழுதியும் வச்சிருக்காங்க."

அவளே சொன்னதுதான். ஆனால் காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது, வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தது மதாம். "கடைன்னு சொல்லாத பொண்ணே, கடைய மூடிட்டா உன் அக்காமாருக்கெல்லாம் கஞ்சி யாரு ஊத்துவா?" என்று கேட்டாள். இடுப்புக்குக் கீழே தோல் உரிந்து கிடந்தவள், அக்காமாரை நினைத்துத் தலையாட்டினாள். நான்காம் நாள் காய்ச்சல் கண்டது. ஆறாம் நாள் அவள் இல்லை.

பின்னல் முடிந்ததும் நுனிகளை வெந்நீரில் முக்கி எடுப்பது இந்தத் தொழிலின் கடைசி வேலை. அப்போதுதான் சவுரி பிரியாது. கடையின் வெந்நீர்க் குழாய் நவம்பரில் உடைந்துபோனது. மதாம் அதைச் சரிசெய்யவில்லை. பின்கட்டு அடுப்பில் கொதிக்கவைத்து, பாத்திரத்தைத் துணியால் பிடித்து, நாற்காலிகளுக்கு நடுவே உள்ள சந்து வழியாகத் தூக்கிவர வேண்டும். கூட்டிப் பெருக்க வந்த பெண்ணைப் புத்தாண்டோடு நிறுத்தியாயிற்று. பின்னுகிறவர்களும் கடை சாத்தும்போதுதான் துடைப்பத்தைத் தொடலாம். "பெருக்குற நேரத்துல இன்னொரு தலைய ஆரம்பிக்கலாம்" என்பது மதாமின் சட்டம். பளிங்குத் தரையில் உதிர்ந்து கிடக்கும் சவுரித் துணுக்கு எண்ணெய் மாதிரி வழுக்கும். தலைக்குப் பாதி என்றிருந்த கூலியை மூன்றில் ஒன்றாக வெட்டியதும் அதே புத்தாண்டில்தான்.

பெந்தா வலப்பக்கத்துக்கு நகர்ந்தாள். காதுக்கு மேலே முதல் பின்னலைக் கையில் எடுத்தாள். விரல்கள் நின்றுவிட்டன.

புரி எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது.

பெரிய தலைகளை இரண்டு பேர் இரண்டு பக்கமாக நின்று பின்னுவார்கள். டிசம்பரில் வெர்லீனின் தலையில் இடப்பக்கம் பெந்தா, வலப்பக்கம் யாந்தே. யாந்தே இடக்கைக்காரி. அவள் பின்னலில் புரிகள் எல்லாம் எதிர்த்திசையில் கடந்துபோகும். கண்ணுக்குத் தெரியாது, அவிழ்க்கிறவளின் விரலுக்குத்தான் தெரியும். மற்றவர்கள் அவளைக் கேலிசெய்வார்கள்: "உன் பின்னல அவிழ்க்க உன்னையேதான்டி கூப்பிடணும்." அவளும் சிரிப்பாள்: "அப்போ என் வேலை போகாதுல்ல?"

மூன்று நாளுக்கு முன் பள்ளிவாசலின் பின்னறையில் பெந்தாவும் செய்னபுவும் அவளைக் குளிப்பாட்டினார்கள். முறைப்படி முடியை மூன்றாகப் பகுத்து மூன்று பின்னல் போட்டு, முதுகுப்பக்கம் விட்டார்கள். சவுரி இல்லை, நுனியை முக்க வெந்நீர் இல்லை. வாழ்நாளெல்லாம் பிறர் தலையில் கைவைத்தவளின் தலையில் இருந்தது அவ்வளவுதான்.

"என்ன கண்ணு, தூங்கிட்டியா?" என்றாள் வெர்லீன், கண்ணாடியில் அவளைப் பார்த்து. "அது சரி, அந்தச் சின்னப் பொண்ணு எங்க? இடக்கைக்காரி. பாடிக்கிட்டே பின்னுவாளே. அவ பாட்டுக்காகவே வேலை முடிஞ்சதும் தூங்காம இந்த இருட்டுல வரேன் நான்."

சொக்னாதான் மேசையிலிருந்து சொன்னாள்: "செத்துப்போயிட்டா மிஸ் வெர்லீன். அதோ அந்த இடத்துல வெந்நீர்ப் பாத்திரத்தோட வழுக்கி விழுந்தா."

வெர்லீன் தலையைத் திருப்பினாள். சீப்பு நழுவித் தரையில் விழுந்தது.

"ஏய்!" என்று எழுந்தாள் மதாம். பிறகு குரலை மாற்றி, வாடிக்கையாளரிடம் பேசும் ஆங்கிலத்துக்கு வந்தாள். "பாவம், சின்னப் பொண்ணு. வீட்ல நடந்த விபத்து. இங்க சும்மா வந்துபோறவதான். விருந்தாளி."

"விருந்தாளியா?" வெர்லீன் மெல்ல நாற்காலியோடு சுழன்றாள். "மிஸ் ரொக்கையா, ஒரு பகல் பூரா என் தலையில கைவச்சு நின்னவ விருந்தாளியா? உங்க ஊர்ல விருந்தாளிய உட்காரவிடாம வேலை வாங்கிட்டுத்தான் தேத்தண்ணி ஊத்துவீங்களா?"

"உங்களுக்குத் தெரியாத விஷயம் இது. அவளே ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கா."

"சொல்லச் சொன்னது யாரு?" என்றாள் பெந்தா, அதே ஆங்கிலத்தில்.

இத்தனை ஆண்டுகளில் மதாமுக்கு எதிராகப் பெந்தா எழுப்பிய முதல் குரல் அது.

மதாம் கல்லாவை விட்டு வெளியே வந்து, தன் வலது கையை விரித்துக் காட்டினாள். இரண்டு விரல்கள் வளைந்தே கிடந்தன. "பாரு. நானும் நின்னவதான். யாரோ ஒருத்தியோட கடையில, உன்ன மாதிரி, இந்த விரல் மடங்குறவரை நின்னேன். அப்புறம் இத வாடகைக்குப் புடிச்சேன். கடைய இழுத்து மூடுனா யாந்தே எழுந்து வந்துருவாளா? உனக்கு யாரு நாற்காலி குடுப்பா? செய்னபுவ யாரு சேர்த்துப்பா, இந்த நாட்டுல இருக்க கையில ஒரு தாள் இல்லாம?"

"நீங்க நின்னது எங்களுக்குத் தெரியும் மதாம். நின்னவளுக்குத் தெரியாதா, கொதிக்கிற தண்ணிய இந்தச் சந்துல தூக்கிட்டு வரக்கூடாதுன்னு? பெருக்காத தரையில கால் நிக்காதுன்னு?"

"எனக்கே புத்தி சொல்றியா?"

"இல்ல. யாந்தே வேலைக்காரி. அவ்வளவுதான் சொல்றேன். செத்த பிறகு அவள விருந்தாளி ஆக்காதீங்க."

"எழுதி வச்சிருக்கிறத மாத்த முடியாது. உன்கிட்ட என்ன சாட்சி இருக்கு? அவ இங்க நின்னான்னு சுவர் சொல்லுமா?"

பெந்தா வெர்லீனைப் பார்த்தாள். பிறகு அவள் தலையின் வலப்பக்கத்தைப் பார்த்தாள். "செய்னபு, இங்க வா. இதத் தொட்டுப் பாரு."

செய்னபு மடியிலிருந்த சவுரியை ஒதுக்கி எழுந்து வந்தாள். ஒரு பின்னலை இரு விரலுக்கிடையில் வைத்து உருட்டினாள். அவள் முகம் கோணியது. "அவதான்" என்றாள். சொக்னாவும் வந்து தொட்டாள். மூவரும் அந்தத் தலையின் மேல் கைவைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதார்கள். ஏன் அழுகிறார்கள் என்று புரிந்ததும் வெர்லீனும் தன் கையை உயர்த்தி, தன் பின்னலையே புதிதாகத் தொடுவதுபோல் தொட்டாள்.

"இந்தப் பக்கம் பூரா அவ போட்டதா?"

"பூரா. திங்கக்கிழமை தொழிலாளர் ஆபீஸ் ஆள் விசாரிக்க வரான் மிஸ் வெர்லீன். அவ விருந்தாளின்னு நாங்க சொல்லணுமாம்."

"அப்படின்னா இத யாரும் அவிழ்க்கக்கூடாது. அந்த ஆள் வரட்டும், என் தலையப் பார்க்கட்டும். எந்த நாற்காலியில, யாரு போட்டதுன்னு நான் சொல்றேன். நான் இவங்க ஊரு இல்ல, இவங்க பாஷை எனக்குத் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லிக்குடுத்துட்டான்னு சொல்ல முடியாது."

"அதுவரைக்கும்? பாதித் தலையோட வேலைக்குப் போவீங்களா?" என்றாள் சொக்னா திகைத்து.

"போவேன். எங்க சலவைக்கூடத்துல நீராவி பட்டு ஒருத்தி கை வெந்தப்போ, அவ கவனக்குறைவுன்னாங்க. நாங்க மெஷின நிறுத்திட்டு வெளிய வந்து நின்னோம். ஜெயிச்சோமா? பாதி ஜெயிச்சோம். ஆனா அவ பேர அழிக்க விடல." வெர்லீன் பைக்குள் துழாவித் தாளும் பேனாவும் எடுத்தாள். "திங்கக்கிழமை வரைக்கும் வாய மூடிட்டு இருக்காதீங்க. அவன் வர்றப்போ இந்தம்மா பக்கத்துலயே நிப்பா, உங்க தொண்டை அடைக்கும். இப்பவே அந்த ஆபீஸுக்கு எழுதிப் போடுங்க."

"என் கடையில, என் எதிர்லயே எழுதுவீங்களா?" மதாமின் குரல் கீறியது. "எழுதுனவளுக்கு நாளைக்கு இந்தக் கதவு திறக்காது."

தெர்மாகோல் தலைகளை ஒதுக்கிவிட்டு சொக்னா எழுத உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியும் ஒரு வாக்கியம் சொன்னாள். யாந்தே இந்தக் கடையில் பின்னினாள். வெந்நீர் இங்கேதான் கொட்டியது. குழாய் நவம்பர் முதல் உடைந்து கிடக்கிறது. தரையைப் பெருக்க எங்களுக்கு நேரம் தருவதில்லை. எங்களுக்கும் அதே பாத்திரம்தான், அதே சந்துதான்.

பெந்தா பெயரெழுதினாள். சொக்னா எழுதினாள். வெர்லீன் பெரிய எழுத்தில் எழுதினாள். பேனா செய்னபுவிடம் வந்தது. அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"என் பேர் வேணாம் பெந்தா. உனக்குத் தெரியும்ல. என் பேர் அவங்க கையில போனா, என்ன பிளேன் ஏத்தி ஊருக்கு அனுப்பிடுவாங்க."

"வேணாம்னா வேணாம் அக்கா. உன் மேல யாருக்கும் கோவம் இல்ல."

செய்னபு பின்கட்டுத் திரையைப் பார்த்தபடி நின்றாள். யாந்தே விழுந்தபோது முதலில் ஓடிப்போய்த் தூக்கியவள் அவள்தான். புறங்கையில் இன்னும் கொப்புளத்தின் தழும்பு சிவந்திருந்தது.

"நான் விழுந்திருந்தா" என்றாள், "நானும் விருந்தாளிதானே மதாம்?"

மதாம் ரொக்கையா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செய்னபு பேனாவை வாங்கினாள். பள்ளிக்கூடம் போகாதவள், தன் பெயர் ஒன்றைத்தான் எழுதக் கற்றிருந்தாள். அதை மெதுவாக, ஒரு எழுத்தும் விடாமல் எழுதினாள்.

"ஒண்ணு வெட்டி உள்ள வை" என்றாள் வெர்லீன். "கடுதாசிய நம்பாதவன் இதத் தொட்டுப் பார்க்கட்டும்."

"சவுரிய மட்டும் வெட்டுறேன் மிஸ் வெர்லீன்."

"அடியிலேர்ந்தே வெட்டு. என் முடியும் சேர்ந்து இருந்தாத்தான் அது தலையில பின்னினதுன்னு தெரியும்."

"உங்க முடி போயிடுமே."

"முளைக்கும், விடு."

பெந்தா பிடரியில் ஒரு பின்னலைத் தேர்ந்து, வேருக்குச் சற்று மேலே கத்தரித்தாள். இரு முனையிலும் நூல் கட்டி, வளையமாகச் சுருட்டி, கடிதத்துக்குள் வைத்து மடித்தாள். உறை புடைத்துக்கொண்டது, ஒட்டவே மாட்டேன் என்றது. சொக்னா விக் ஒட்டும் பசையை நுனித்தூரிகையால் ஓரமெல்லாம் தடவி, கட்டைவிரலால் அழுத்தி, ஊதி ஊதி உலர்த்தினாள். "மழையில நனைஞ்சாலும் விடாது" என்றாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

மூவரும் குளிர்க்கோட்டுகளை மாட்டிக்கொண்டார்கள். அவரவர் சீப்பை அவரவர் பையில் போட்டுக்கொண்டார்கள்.

"இந்த விக்க மாட்டிக்கிட்டு வாங்க" என்று சொக்னா ஒன்றை எடுத்து நீட்டினாள். "தெருவுல எல்லாரும் வேலைக்குப் போற நேரம்."

ஆயுளில் ஒருநாளும் தலை சீவாமல் குப்பை கொட்டக்கூட வெளியே போகாதவள் வெர்லீன். கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள்: ஒரு பக்கம் விரிந்து நிற்கும் முடி, மறுபக்கம் தொங்கும் பின்னல். "வேணாம். பார்க்கட்டும்" என்றாள். "இடப்பக்கத்த எங்க வீட்டு அடுப்பங்கரையில வச்சுக் கட்டி விடுங்க. எங்கம்மா எனக்குப் பின்னி விட்டது அங்கதான். உங்க மூணு பேருக்கும் அங்க இடம் பத்தும். வெந்நீர் குழாய்லயே வரும்."

வெளியே வானம் சாம்பல் வெளுப்பாக வெளுத்திருந்தது. பின்னால் கதவின் தாழ் விழுந்த ஓசை கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்ற பெண்கள் வெர்லீனின் தலையைப் பார்த்தார்கள், ஒருத்தி சிரித்தாள், இன்னொருத்தி அருகில் வந்து, "என்னாச்சும்மா?" என்று கேட்டாள். "நட, சொல்றேன்" என்றாள் வெர்லீன். அவளும் கூட நடந்தாள்.

மூலையில் நீலத் தபால்பெட்டி உறைபனி பூசி நின்றது. பெந்தா அதன் வாயை இழுத்துத் திறந்து உறையை வைத்தாள். தடித்த உறை பாதியில் சிக்கிக்கொண்டு நின்றது. செய்னபு கையுறையைக் கழற்றினாள். தழும்பேறிய கையை உள்ளே விட்டு, அதை அழுத்தித் தள்ளினாள். அடியில் போய் விழுந்தது.