மாடி ஏற முடியாதவர்

...அழித்துவிட்டால் திரும்ப வராது, விட்டுவைத்தாலும் ஆபத்து, அவள் எதிரே திரையில், ஒரு நர்ஸின் பேருக்கு நேரே அந்த ஒற்றை வரி, 'இவரால் மாடி ஏற முடியாது', எழுதியது மனிதரில்லை, வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் இந்த ஆபீஸில் யாரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்கிற ஏஐ, எப்போதோ ஒரு போன் பேச்சைக் கேட்டுத் தன் நினைவில் தானே சேர்த்துக்கொண்டது. அந்த நர்ஸ் அப்போது நிறைமாதம், கொஞ்ச நாளைக்கு மாடி வேண்டாங்க என்றிருக்கிறாள், 'கொஞ்ச நாளைக்கு' மட்டும் எப்படியோ உதிர்ந்துபோய் மீதி ஒட்டிக்கொண்டது, அந்தக் குழந்தை இப்போது படியில் ஏறி இறங்கி விளையாடுகிறதாம். நேற்று நாலாவது மாடிப் பெரியவரின் ஆக்ஸிஜன் மெஷின் நின்றுபோக, மாற்று சிலிண்டரை மாட்டத் தெரியாமல் அவர் மனைவி போன் செய்திருக்கிறார், ஏஐ அதே கட்டடத்தில் கீழ்வீட்டில் குடியிருக்கும் இந்த நர்ஸைத் தாண்டிப்போய், ஊரின் அந்தக் கோடியிலிருந்து ஒருத்தியை அனுப்பியது... அவள் டிராஃபிக்கில் நீந்தி வருவதற்குள் பெரியவருக்கு நினைவு தப்பிவிட்டது. இன்னும் ஐசியூவில்தான் இருக்கிறார். காலையில் கீழ்வீட்டு நர்ஸ் ஆபீஸுக்கே வந்து, ஏஐயின் நினைவைப் பார்த்துக்கொள்ளும் இவள் எதிரே உட்கார்ந்தாள், சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. "நான் கீழ துணி மடிச்சிட்டு இருந்தேங்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஓடிருப்பேன்."

டீம் லீடருக்கு எல்லாமே சுலபம், "ஒரு வருஷத்துக்கு மேல பழசான வரியெல்லாம் தூக்கிருங்க, சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்," தூக்கலாம்தான், ஆனால் அதே குவியலில் 'பெனிசிலின் ஒத்துக்காது' என்றும் ஒரு வரி கிடக்கிறதே, அது இதைவிடப் பழசு, அந்த ஆள் உயிரோடு இருக்கும்வரை அது உண்மை, தேதியைப் பார்த்து எப்படிப் பிரிப்பது? காய்ச்சல் போகும், வீடு மாறும், வயிற்றுப் பிள்ளை வெளியே வரும், ரத்த வகை மாறாது, கோபம்... கோபம் எந்தப் பக்கம்? ஏஐக்கு ஒரு விதியாக அவள் தட்டினாள், மாறக்கூடியது எதுவானாலும் அழிக்க வேண்டாம், நம்பவும் வேண்டாம், அதை வைத்து முடிவெடுக்கும் முன் சம்பந்தப்பட்டவரிடம் ஒரு முறை கேள். எழுதிப் பார்த்தபோது சின்னதாக இருந்தது, இவ்வளவுதானா, இதைக் கற்றுக்கொடுக்காமலா இவ்வளவு வீடுகளை அதன் கையில் கொடுத்தோம்?

போன் அதிர்ந்தது, தம்பி. "அக்கா, இன்னைக்கு உனக்கு வேலை அதிகம்னு அம்மா சொன்னாங்க. பாப்பாவ ஸ்கூல்லேருந்து நான் போய்க் கூட்டிட்டு வரட்டுமா?" வேண்டாம்டா, நானே பாத்துக்கறேன் என்று வாய் முந்திக்கொண்டது, வைத்த பிறகுதான், எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று தன்னையே கேட்டாள். பாப்பா எல்கேஜி படிக்கும்போது அவனை நம்பித்தான் விட்டாள், மழை, எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு தொப்பலாக நனைந்து நின்ற குழந்தை, எங்கேயோ குடித்துவிட்டுத் தூங்கிப்போனவன் இருட்டுகிற நேரத்தில் தள்ளாடிக்கொண்டு வந்தது... அதோடு குடியை விட்டான், நாலு வருஷம் ஆகிறது, ஒரு சொட்டு தொடவில்லை, அம்மா சொல்கிறாள், அவன் முகமே சொல்கிறது, இவளுக்கும் தெரியும், தெரிந்தும் வாய் ஏன் அப்படிச் சொல்கிறது? அவன் ஒன்றும் திரையில் கிடக்கிற வரி இல்லை, ஆனால் குழந்தை விஷயத்தில் சோதித்துப் பார்க்க முடியுமா, முடியாதுதான், முடியாது என்று இன்னும் எத்தனை வருஷத்துக்கு...

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல், பெரியவர் கண் திறந்தாராம், மனைவியை அடையாளம் தெரியவில்லையாம், போகப்போகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம் என்கிறார்களாம். பிறகு தம்பியை அழைத்தாள். "நீயே கூட்டிட்டு வந்திருடா." "சரிக்கா," என்றான், குரல் என்னவோ போல் இருந்தது.

சொல்லிவிட்டாள், ஆனால் மனசு கேட்கவில்லை, பள்ளி விடுகிற நேரம் நெருங்க நெருங்கக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கடைசியில் வெட்கத்தை விட்டுப் பள்ளி வாட்ச்மேனுக்கே போன் போட்டாள், என் தம்பி வந்துட்டாரா அண்ணா? "அப்பவே வந்துட்டாரும்மா, இன்னும் பெல்லே அடிக்கலை. எதிர்க் கடை ஓரமா வெயில்ல நிக்கிறாரு. உள்ள வந்து நிழல்ல உக்காருங்க தம்பின்னேன், மாட்டேங்கறாரு. இந்த கேட்டுக்கிட்ட நான் வரக்கூடாது, அக்கா சொல்லியிருக்காங்கன்னு சொல்றாரு."

அப்படியா சொன்னோம்... சொல்லியிருப்போம், அந்த மழையில், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க... அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. "தம்பிகிட்ட போனைக் குடுக்கட்டுமாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் வாட்ச்மேன். குடுங்க என்றாள், என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமலே, ரோட்டைத் தாண்டிப் போகும் அவருடைய செருப்புச் சத்தத்தைக் கேட்டபடி.