மாமனார் ஏணிக்கும் எர்த்

தெருவுக்கு அடியில் இருக்கும் கேபிள் குழிக்குள் நின்று எலக்ட்ரீசியன் தலையில் கை வைத்துக்கொண்டான். செய்து வைத்திருந்த வேலை அப்படி.

இதே குழி மின்சாரச் சோதனையில் ஏற்கெனவே இரண்டு தடவை ஃபெயில். முதல் தடவை மூடியின் சட்டத்துக்கு எர்த் இல்லை. அடுத்த தடவை கேபிளைத் தாங்கும் இரும்புக் கைகளுக்கு இல்லை. "கேபிள்ல கசிவு வந்தா குழியில இருக்கிற இரும்பு மொத்தமும் ஷாக் அடிக்கும்யா. ஒண்ணு விடாம எர்த் பண்ணு" என்று இன்ஸ்பெக்டர் காய்ச்சி எடுத்துவிட்டுப் போனார். இந்தத் தடவையும் தவறினால் வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

பயத்தில் மனுஷன் வெறி பிடித்த மாதிரி வேலை பார்த்தான். கண்ணில் பட்ட இரும்பையெல்லாம் செம்புக் கம்பியால் வளைத்து, மண்ணில் இறக்கிய எர்த் ராடோடு சேர்த்துப் பற்றவைத்தான். மேலே ஏற ஏணியில் கால் வைத்தபோதுதான், அதையும் சேர்த்துப் பற்றவைத்துவிட்டது உறைத்தது. குழிக்கென்று வரவேண்டிய ஏணி வரவே இல்லை. இது மாமனாருடையது. பெயிண்ட் வேலை செய்கிற அந்த மனிதர் பெண்ணைக் கொடுக்கக்கூட இவ்வளவு யோசிக்கவில்லை; ஏணியைக் கொடுக்க ஒரு வாரம் யோசித்தார். அது இப்போது பூமியோடு சம்பந்தம் செய்துகொண்டு அசையாமல் நின்றது.

மேலே இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. ஒன்று இன்ஸ்பெக்டர். இன்னொன்று, ஏணியைத் திரும்ப வாங்கிப்போக வந்த மாமனார். நல்ல நேரம் பார்த்துத்தான் வந்து சேர்ந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் இறங்கி மீட்டரை வைத்துச் சோதித்தார். சட்டம் சரி, கைகள் சரி. முகத்தில் சிரிப்புகூட வந்தது. ஏணியிடம் வந்ததும் புருவம் சுருங்கியது.

"என்னய்யா, பெயிண்டா அப்பிக் கிடக்கு? இது இந்தக் குழியோட ஏணிதானா? வெளி ஏணின்னா வெட்டி எடுத்துட்டு முதல்லேர்ந்து கம்பி போடு. இன்னைக்கு பாஸ் கிடையாது."

குழியோடது என்றால் மேலே நிற்கிறவர் சும்மா விடமாட்டார். இல்லை என்றால் வேலை போகும். எலக்ட்ரீசியன் பரிதாபமாக அண்ணாந்து பார்த்தான்.

மாமனார் ஏணியைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கிறவர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

"குழியோடதுதான் சார். நான்தான் பெயிண்ட் அடிச்சேன். கொஞ்சம் சிந்திடுச்சு."

பாஸ். இன்ஸ்பெக்டர் வண்டியேறிப் போனதும் எலக்ட்ரீசியன் மேலே வந்தான். கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

"மாமா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"அதெல்லாம் வேணாம் மாப்ள. நாளைக்கு ஒரு வீட்டுல சீலிங் அடிக்கணும். காலையிலயே வந்துடுங்க."

"ஒத்தாசைக்கா மாமா?"

"ஏணிக்கு" என்றார் மாமனார். "புதுசு வாங்கித் தர்ற வரைக்கும் நான் உங்க தோள்லதான் ஏறணும்."